பறிக்காமல் விட்ட பேரிக்காய்

பேரிக்காயை மரத்திலேயே பழுக்க விடக் கூடாது. அந்த மலைச்சரிவில் தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். காய் முற்றித் தோலின் பச்சை கொஞ்சம் வெளுக்கும்போதே பறித்துவிட வேண்டும். உள்ளங்கையில் ஏந்திப் படுக்கை வாக்கில் மெல்லத் தூக்கினால் காம்பு தானாக விட்டுக்கொடுக்கும்; அதுதான் பதம். அப்புறம் பெட்டியில் அடுக்கிக் குளிர்ந்த அறையில் வைத்தால் சமர்த்தாகப் பழுத்துக்கொள்ளும். மரத்தில் விட்டாலோ, மேலே தங்கமாக மினுக்கிக்கொண்டே உள்ளே விதையைச் சுற்றி அழுக ஆரம்பித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதையெல்லாம் ஏணிக்காரருக்குச் சொல்லித்தர இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும். பாதி ஆயுளை ஏணிமேல் கழித்த மனிதர். அதனால் வந்த பெயர். அப்படிப்பட்டவர், இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிய பிறகும் ஏணியைக் கொட்டகையிலிருந்து எடுக்காமல், சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தால் கட்டினவளுக்கு எப்படி இருக்கும்?

"ஏங்க, கீழ்வரிசைக்குப் போயிட்டு வந்தேன். கை பட்டாலே காம்பு விடுது."

"விடட்டும்."

"விடட்டுமா? நல்லா இருக்கே கதை!"

"பெரியவளுக்கு அடுத்த வாரம்தான் லீவு கிடைக்குமாம். தம்பி வண்டியில ரெண்டு பேருமா வர்றாங்களாம். வந்ததும் சேர்ந்து பறிச்சுக்கலாம்."

"பேரிக்காய் என்ன நாம வளக்கற நாயா, இருன்னு சொன்னா வாலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்க?"

அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. காலி டம்ளரையே இன்னொரு தடவை உறிஞ்சினார். வாதம் பிடிக்காதபோது அவர் அப்படித்தான் செய்வார்.

பெரியவள் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். சின்னவன் பாலம் கட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளன். இருவருக்கும் குடும்பம், பிள்ளைகுட்டி, பள்ளிக்கூடம் என்று ஆயிரம் பிடுங்கல். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் போனில் குரல்தான். இலையுதிர் காலத்தில் பறிப்புக்கு மட்டும் இருவரும் வந்துவிடுவார்கள். வீட்டில் பழைய சத்தம் திரும்பும், மாடிப்படி கிறீச்சிடும், குளியலறை வாசலில் சண்டை நடக்கும். அந்தச் சில நாளுக்காகத்தான் அவள் மிச்ச வருஷத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

அன்று சாயங்காலம் சின்னவன் கூப்பிட்டான். ஏணிக்காரர் எப்போதும் போல ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, பருவம் வந்துடுச்சா? அடுத்த வாரம்னு சொன்னேன்ல, அது கொஞ்சம் இழுக்கும் போலிருக்கு. மேலிடத்துலேருந்து பாலத்தைப் பாக்க வர்றாங்க."

"அவசரமே இல்லடா. இந்த வருஷம் வெயில் கம்மி. காய் இன்னும் கல்லு மாதிரி இருக்கு. உங்க சௌகரியம் பாத்து வாங்க."

ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தவளின் கத்தி அப்படியே நின்றது. போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம்கூட வாய் கூசலையா உங்களுக்கு?"

"நிஜத்தைச் சொன்னா என்ன சொல்லுவான்? 'ஆளை வெச்சுப் பறிச்சிடுங்கப்பா, எங்களுக்காகக் காத்திருக்காதீங்க'ம்பான். போன வருஷம் சொன்னான்ல?"

போன வருஷம் அப்படித்தான் நடந்தது. பிள்ளைகளுக்கு வர முடியாமல் நாள் தள்ளிப்போக, காய் பொறுக்காது என்று அவளே ஆள் பிடித்து வந்து பறித்து முடித்தாள். போனில் சொன்னபோது இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். "அப்பாடா, வேலை முடிஞ்சுதா! அப்ப நாங்க பொறுமையா வர்றோம்மா." அந்தப் பொறுமை குளிர்காலம் முழுக்க நீண்டது, வசந்தம் வந்தது, கோடையும் போனது. துவைத்துத் தேய்த்து மாடி அறைகளில் விரித்த படுக்கை விரிப்புகளை மடிப்புக் கலையாமல் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தாள். அவள் வாழ்க்கையில் அத்தனை கனமான துணியைத் தூக்கியதில்லை.

அந்த வீட்டில் யாரும் யாரையும் சும்மா வா என்று கூப்பிட்டதில்லை. பாசத்துக்குக் குறைச்சல் கிடையாது, வழக்கமில்லை, அவ்வளவுதான். எதற்கும் நடுவில் ஒரு வேலை வேண்டும். மகன் தோளைத் தட்டிக்கொடுக்க வேண்டுமென்றால்கூட ஏணிக்காரர் முதலில் அந்தத் தோளில் ஒரு பெட்டியை ஏற்றுவார், அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கிற சாக்கில் தட்டுவார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மகளின் தலையைக் கோத வேண்டுமென்று கை பரபரத்தால், "என்னடி தலையெல்லாம் சருகு?" என்று ஆரம்பிப்பாள். சருகு ஒன்றும் இருக்காது.

மறுநாள் லாரிக்காரர் வந்தார். சரிவிலுள்ள தோட்டங்களிலிருந்து பெட்டிகளை ஏற்றிக் குளிர்பதனக் கிடங்குக்குக் கொண்டுபோகிறவர். வேலியோரம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஊரு முழுக்க ஏத்தியாச்சு. உங்களுது மட்டும் அப்படியே தொங்குது?"

"இன்னும் முத்தலைங்க" என்றாள். அவள் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"முத்தலையா? போன வருஷம் இதுக்குள்ள உங்க லோடை ஏத்தி முடிச்சாச்சே?"

"போன வருஷ வெயில் வேற, இந்த வருஷ வெயில் வேற."

"அது சரி. மேல தோட்டத்துக்கு அடிச்ச வெயில் உங்க வேலியைத் தாண்டி வரலை போல." சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். "அடுத்த நடைக்கு வர்றேன். அதுக்குள்ள மரத்துக்கிட்ட பேசி முடிச்சு வைங்க."

முகம் எரிய உள்ளே வந்தாள். கட்டினவர் சொன்ன பொய் இப்போது தன் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது என்று அவர்மேல்தான் கோபம் வந்தது. போனை எடுத்தாள். மகளைக் கூப்பிட்டு, பழம் ஆகிவிட்டது, இப்போது வந்தால் உண்டு, இல்லையென்றால் ஆளைக் கூப்பிடப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மகளின் பெயர்மேல் விரல் போனது. ஆளைக் கூப்பிடும்மா என்று அவள் சொல்லிவிட்டால்? போனை அலமாரியில் வைத்துவிட்டு மாடி அறைகளைத் துடைக்கப் போனாள். அன்றிலிருந்து அந்தப் பொய்யில் பாதி அவளுடையது.

மழை பிடித்தது. விட்டதும் காலைப் பனி இறங்கியது. புல்லில் தொப் தொப்பென்று பழம் விழுகிற சத்தம் சமையலறைக்கே கேட்டது. குளவிகள் மொய்த்தன. விழுந்ததில் ஒன்றை அவள் கத்தியால் கீறிப் பார்த்தாள். நடுவில் பழுப்பாகக் கொழகொழத்திருந்தது. ஏணிக்காரர் கண்ணில் பட வேண்டாமென்று பொறுக்கிக் கூடையில் போட்டு, தோட்டத்துக் கோடியிலிருந்த குப்பைக்குழியில் கொட்டப் போனாள். குழியில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. மேலே சருகை வாரிப்போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் அவருடைய தள்ளுவண்டியின் சக்கரத் தடம். அவருக்குத் தெரியாமல் இவள் மறைக்க வந்தால், இவளுக்குத் தெரியாமல் அவர் எப்போதோ மறைத்திருக்கிறார். அவள் அந்த இடத்திலேயே நின்று சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"மேல்வரிசை தாங்கும்" என்றார் அவர் அன்று சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே.

"தாங்கும் தாங்கும்" என்றாள் அவள்.

ஒரு வழியாகப் பிள்ளைகள் வந்தார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் சூப் பொங்க, அதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, பாதியில் ஏப்ரனைக் கழற்றத் திரும்பி, கழற்றாமலே மறுபடி ஓடினாள். சின்னவன் காதோரம் நரைத்திருந்தான். பெரியவள் கண்ணுக்குக் கீழே இரவு ஷிப்டெல்லாம் தேங்கி நின்றது.

"என்னடி இது, இப்படி இளைச்சுட்டே?"

"போன தடவை குண்டாயிட்டேன்னு சொன்னே."

"அது போன தடவை. உள்ள வா, குளிருது. டேய், செருப்பை வாசல்ல விடு, ரெண்டு தடவை துடைச்ச தரை."

சூப்பும் ரொட்டியும் வாட்டிய கோழியும் உருளைக்கிழங்கும் மேஜையில் ஆவி பறக்கக் காத்திருந்தன. ஏணிக்காரருக்கு வாயெல்லாம் பல். பேசுவது மட்டும் பெட்டி, ஆணி, லாரி பற்றித்தான். மகன் தட்டில் மிச்சம் வைத்த கோழித் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே, "உங்க பாலம் எப்ப முடியும்?" என்று கேட்டார். அவருக்கு அது கொஞ்சல்.

விடிந்ததும் தோட்டம் களைகட்டிவிட்டது. பனி விலகுவதற்குள் சின்னவன் மேல்வரிசையில் ஏணியைச் சாத்தி ஏறிவிட்டான். தோளில் மாட்டிய பை நிறைய நிறைய அவன் கீழே இறக்க, பெரியவள் வாங்கிப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றோடொன்று இடிக்காமல், காம்பு அடுத்ததைக் குத்தாமல், ஒவ்வொன்றாக. சின்ன வயதில் பழகிய கை மறக்கவில்லை.

"டேய், கிளையை உலுக்காதே. பழம் தலையில விழுது."

"உன் தலைதானே? பழத்துக்கு அடிபடாம பாத்துக்க."

"அப்பா, இவனைப் பாருங்கப்பா!"

நாற்பதைத் தொடப்போகிறவர்கள் இரண்டு பேரும். ஏணிக்காரர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, வழுக்கிவிடப் போகிறதே என்று கவலைப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். அவளுக்கும் மனசு நிறைந்தது. பழம் எப்படிப் போனால் என்ன, இந்தச் சத்தம் வந்துவிட்டதே என்று தோன்றியது. அந்தக் காலையை அப்படியே பெட்டியில் அடுக்கி வைக்க முடிந்தால் வைத்திருப்பாள்.

டீ வேளைக்குப் பெரியவள் நல்ல பழமாக ஒன்றைத் தேர்ந்து, சட்டையில் துடைத்துக் கடித்தாள். கடித்ததைத் துப்பினாள்.

"அம்மா, இங்க பாரேன். உள்ள போயிருக்கு."

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்" என்றார் ஏணிக்காரர் அவசரமாக.

சின்னவன் இறங்கிவந்து கத்தியால் ஒன்றைப் பிளந்தான். நடுவெல்லாம் பழுப்பு. இன்னொன்று. அதுவும் அப்படியே. வேறு மரத்தில் பறித்ததை, வேறு பெட்டியிலிருந்து எடுத்ததை எல்லாம் பிளந்து போட்டான். வெள்ளையாக ஒன்றுகூடத் தேறவில்லை.

"என்னப்பா இது? மொத்தமும் போயிருக்கு!"

ஏணிக்காரர் தொப்பியைக் கழற்றி மாட்டினார். "நோயா இருக்கும். இந்த வருஷம் ஏதோ ஒண்ணு பரவுதுன்னு சொன்னாங்க."

"மருந்து அடிக்கலையா?"

"அடிச்சேன். கேக்கலை."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் இவள் பக்கமே திரும்பவில்லை. சின்னவன் பெட்டியின்மேல் உட்கார்ந்து மரங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தான். பாலத்தைப் பார்க்கிற பார்வை.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. நானும் அக்காவும் வண்டியில வரும்போதுகூடப் பேசிக்கிட்டு வந்தோம். மரத்துக்கெல்லாம் வயசாயிடுச்சு. உங்களுக்கும் முடியலை. நோயும் வந்தாச்சு. எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு மல்லாடணும்? வெட்டிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம். ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க. எங்களுக்கும் கவலை இல்லை."

பெரியவள் மெதுவாக, "நல்லதுக்குத்தான்ப்பா சொல்றான்" என்றாள்.

ஏணிக்காரர் பக்கத்து மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ம்" என்றார். "பாக்கலாம். நீ சொல்றதும் சரிதான்."

பிள்ளைகள் குற்றவுணர்ச்சியில் தவிக்கக் கூடாது என்று இந்த மனிதர் மரத்தையே பலிகொடுக்கத் தயாராகிவிட்டார். மரம் போனால் பறிப்பு இல்லை. பறிப்பு இல்லையென்றால் இந்தப் பிள்ளைகள் எதைச் சாக்கிட்டு வருவார்கள்? வேலை இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? கையிலிருந்த டீத் தட்டைப் புல்லில் வைத்தாள்.

"மரத்துக்கு ஒரு நோயும் இல்லை."

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

"நான் சும்மாதான் இருந்தேன் இத்தனை நாளும். காய் எப்பவோ பதமாயிடுச்சுடா. கை பட்டா காம்பு விட்டுது. ஊர்ல எல்லாரும் பறிச்சு ஏத்தியாச்சு. நாங்கதான் பறிக்காம விட்டோம்."

சின்னவனுக்குப் புரியவில்லை. "ஏன்?"

"நீங்க வரணும்னு."

சின்னவனின் முகம் சிவந்தது. எழுந்து நின்றான்.

"நான் கேட்டேனே! ஒவ்வொரு தடவையும் போன்ல கேட்டேன்ல? கல்லு மாதிரி இருக்குன்னீங்க. அவசரமில்லைன்னீங்க. ஒரு வருஷ விளைச்சல்ப்பா! ஒரு வார்த்தை நேரா சொல்லியிருந்தா வந்திருப்போம்ல?"

ஏணிக்காரர் தொப்பியைத் திரும்பவும் கழற்றினார்.

"வந்திருப்பியா?" என்று கேட்டாள் அவள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். "பழுத்துடுச்சுன்னா ஆளைக் கூப்பிடும்ப. பறிச்சாச்சுன்னா பொறுமையா வர்றேம்ப. வேற எதைச் சொல்லிக் கூப்பிடறது உங்களை? எனக்குத் தெரியலைடா. தெரிஞ்சா சொல்லிக்குடு."

பெரியவள் கையிலிருந்த கடித்த பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வந்திருக்க மாட்டோம்மா. ஆளை வெச்சுக்கோன்னுதான் சொல்லியிருப்போம்."

பறித்ததையெல்லாம் நால்வருமாகத் தள்ளுவண்டியில் ஏற்றிக் குழியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அப்போதுகூட அவளுக்கு ஒரு மூலையில் நிம்மதி. கொட்டுவதற்காவது கொஞ்சம் வேலை இருந்தது. அதுவும் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

வேலை முடிந்ததும் அந்த வீட்டில் யாருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சின்னவன் சமையலறைக்கு வந்து நின்றான், கொட்டகைக்குப் போனான், திரும்பி வந்தான். பெரியவள் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். ஏணிக்காரர் காலி டம்ளரை உறிஞ்சினார். கடைசியில் சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்ப… பறிப்புதான் இல்லையே. ரெண்டு நாள் லீவு எடுத்திருந்தேன். இப்பவே கிளம்பினா வெளிச்சத்துலேயே போய்ச் சேர்ந்துடலாம். என்னக்கா?"

"உன் வண்டிதானே. நீ சொல்ற நேரம்தான்" என்றாள் பெரியவள், தட்டைத் துடைத்தபடி.

கோபத்தில் சொல்லவில்லை அவன். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. வேலை இல்லாதபோது அங்கே இருக்க அவனுக்குத் தெரியவில்லை. அவர்கள்தான் அவனை அப்படி வளர்த்தார்கள்.

பைகள் வண்டிக்குள் போயின. பெரியவள் முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தாள். ஏணிக்காரர் வாசற்படியில் நின்றார், வாடிய முகத்தோடு. சின்னவன் வண்டியைக் கிளப்பினான். அவள் ஏப்ரனோடு இறங்கிப் போய் அவன் பக்கத்து ஜன்னலைத் தட்டினாள். அவன் கண்ணாடியை இறக்கினான்.

"இரு" என்றாள்.

"என்னம்மா? எதையாவது மறந்துட்டேனா?"

"இல்லை. இரு."

"ஏதாவது வேலை இருக்கா?"

"வேலை ஒண்ணும் இல்லை. சும்மா இரு."

அவன் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தான். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை, சொல்லிவிட்டுக் காது மடல் சூடாக நின்றாள். அவன் எஞ்சினை நிறுத்தினான்.

"எவ்வளவு நேரம்மா?"

ஒரு வருஷமாகக் காத்திருந்தவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கேட்டுப் பழக்கமில்லாதவளுக்கு எவ்வளவு கேட்கலாம், எவ்வளவு கேட்டால் அதிகம் என்று பிடிபடவில்லை. "இருட்டற வரைக்கும்" என்றாள்.

"சரிம்மா" என்றான் அவன்.

வாசற்படிக்குத் திரும்பியபோதுதான் கேட்டது குறைச்சல் என்று உறைத்தது. ஏணிக்காரர் பக்கத்தில் வந்து அடிக்குரலில் பொரிந்தார்.

"கேக்கறதுதான் கேட்டே, நாளைக்குக் காலைலன்னு கேட்டிருக்கக் கூடாதா? அதுல போய்க் கஞ்சத்தனமா?"

"உங்களுக்கும் வாய் இருக்குல்ல? போய்க் கேளுங்க."

அவர் போனார். வண்டியிலிருந்து இறங்கி நின்ற மகனிடம் போய், எதிரே நின்று, தொப்பியைச் சரிசெய்து, தோட்டத்தைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, கடைசியில் குனிந்து பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கே" என்றார்.

வாசற்படியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த மனிதர் தலைகீழாக நின்றாலும் திருந்தப்போவதில்லை. காலையில் ஒரு பொய்யால் இவ்வளவு பட்டும் போதவில்லையே, மறுபடி அவனுக்குக் கோபம் வந்து கிளம்பிவிடப் போகிறானே என்று பதறினாள்.

சின்னவன் அப்பா பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தான். சக்கரத்தை அவனும் அழுத்திப் பார்த்தான். அது கல் மாதிரி இருந்தது. அப்பாவின் கைமேல் தன் கையை வைத்து இன்னொரு தடவை அழுத்தினான்.

"ஆமாப்பா" என்றான். "ரொம்பக் கம்மியாத்தான் இருக்கு. காலைலதான் ஏதாவது பண்ணணும்."

பெரியவள் இறங்கி, பைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.